தெரியாத நம்பர் அடித்தால்: மண்டபம் ரீசார்ஜ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் ஊரில் ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பாம்பன், உச்சிப்புளி, தங்கச்சிமடம் என்று சுற்றுப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ரீசார்ஜ் போட்டுவிட்டு நகராமல் நின்று கேட்பது ஒன்றுதான்: "இந்த லோன்காரன், இன்சூரன்ஸ்காரன் தொல்லைய நிறுத்த வழி இருக்கா தம்பி?" ஒரே பதிலைத் தினமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன்.

தெரியாத நம்பர் வந்தால் எடுக்காமல் விட்டுவிட்டால் போதாதா?

இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் கடலுக்கு ஆள் அனுப்பாத வீட்டுக்காரர்கள். நம் கரையில் அது சரிப்படாது. காலையில் திரும்ப வேண்டிய படகு மதியம் வரை வரவில்லை என்றால், வீட்டில் இருப்பவர்கள் எந்த நம்பர் அடித்தாலும் எடுத்துத்தான் ஆகவேண்டும். இன்ஜின் பழுதாகிக் காற்றோடு போய் ஜெகதாப்பட்டினத்திலோ கோட்டைப்பட்டினத்திலோ கரையேறியவரின் போன் நனைந்து செத்திருக்கும். அங்கே நிற்கிற யாரிடமாவது போனை வாங்கித்தான் வீட்டுக்குப் பேசுவார். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறு கதை. துபாயில் இருக்கும் பையன் புது சிம் வாங்கிய அன்று ரூமில் இருப்பவரின் போனிலிருந்து வாப்பாவைக் கூப்பிடுவான்.

ஒரு நாள் நல்ல காற்று. கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்த ஒரு அக்காவின் கையில் போன் அடித்தது. வீட்டுக்காரர் போன படகு இன்னும் வந்து சேரவில்லை. முந்தானையில் கையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் எடுத்துக் காதில் வைத்தார். எனக்கே கேட்டது: "வணக்கம் மேடம், உங்களுக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு." அந்த அக்கா திட்டவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். படகு சாயங்காலம் வந்துவிட்டது, அது வேறு. இந்தத் தொல்லையை வெறும் தொல்லை என்று சொல்லி என்னால் தள்ளிவிட முடியாமல் போனது அன்றிலிருந்துதான்.

ஆகவே நாம் செய்யக்கூடியது இரண்டு. வருகிற விளம்பர அழைப்பைக் குறைப்பது, வருவது யாரென்று நம்பரைப் பார்த்தே ஓரளவு கண்டுகொள்வது.

நம்பரைப் பார்த்து எப்படிக் கண்டுகொள்வது?

140 என்று தொடங்கினால் விளம்பரம். முறைப்படி பதிவுசெய்த டெலிமார்க்கெட்டிங் நிறுவனங்களுக்கு ஒதுக்கிய வரிசை அது. படகு வராத நாளிலும் 140-ஐத் தயங்காமல் துண்டிக்கலாம்.

1600 என்று தொடங்கினால் வங்கி, காப்பீடு, அரசு அலுவலகம் போன்றவை சேவை விஷயமாகப் பேசும் வரிசை. எடுக்கலாம். எடுத்தாலும் ஓடிபி சொல்லக்கூடாது, அது எந்த நம்பருக்கும் பொருந்தும்.

மற்றபடி சாதாரணப் பத்து இலக்க நம்பர். மச்சானும் அதிலிருந்துதான் பேசுவார், மனை விற்கிறவனும் அதிலிருந்துதான் பேசுவான். சிக்கலே இங்குதான் இருக்கிறது. கீழே வருகிறேன்.

எஸ்எம்எஸ் என்றால் இன்னும் சுலபம். அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பணப் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு.

டிஎன்டி போடுவது எப்படி? பட்டன் போனில் முடியுமா?

டிஎன்டி என்றால் விளம்பர அழைப்பு, எஸ்எம்எஸ் வேண்டாம் என்று நம் நம்பரைப் பதிந்து வைப்பது. பட்டன் போனிலும் முடியும். காசும் பிடிக்காது. டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், வைத்திருக்கும் விதிப்படி எல்லா கம்பெனிக்கும் 1909 என்ற ஒரே எண்தான். எந்த சிம்முக்குப் பதிய வேண்டுமோ அதிலிருந்தே 1909-க்கு போன் செய்து சொல்லலாம். அல்லது 'ஸ்டார்ட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, 0 என்று போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். பதிலாக வரும் செய்தியில் உறுதிசெய்யச் சொன்னால் அதையும் செய்யுங்கள். டச் போன் உள்ளவர்கள் தங்கள் சிம் கம்பெனியின் செயலியிலோ டிராய் வெளியிட்டிருக்கும் டிஎன்டி செயலியிலோ போடலாம்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சின்னப்பாலத்திலிருந்து கடற்பாசி எடுக்கும் பெரியம்மா ஒருவர் வந்தார். போனைத் தண்ணீர் படாமல் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். பேரன் மூன்று தடவை 1909-க்கு அனுப்பியும் வேலை நடக்கவில்லை என்றார். பையைப் பிரித்துப் பார்த்தால், பையன் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டியிருக்கிறான். பட்டன் போனில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. 0 பட்டனைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் எண் வந்துவிடும். அனுப்பிய கையோடு பதில் வந்தது. பெரியம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மறுபடியும் இரண்டு பைக்குள் சுற்றிக்கொண்டார்.

பதிந்த மறுநிமிடமே எல்லாம் அடங்கிவிடாது. சில நாள் பொறுங்கள்.

எல்லாவற்றையும் நிறுத்தினால் பேங்க் மெசேஜும் நின்றுவிடுமே?

நிற்காது. ஓடிபி, கணக்கில் பணம் ஏறியது, கேஸ் சிலிண்டர் பதிவு, ரயில் டிக்கெட் எல்லாம் விளம்பரக் கணக்கில் சேராது. 0 போட்டால் விளம்பரம் மட்டும்தான் நிற்கும்.

சில விளம்பரம் மட்டும் வேண்டாம் என்றால் 0-க்குப் பதில் வேறு எண் போடலாம். 1 வங்கி, காப்பீடு, கடன் அட்டை. 2 வீடு, மனை. 3 கல்வி. 4 மருத்துவம். இப்படி 8 வரை போகிறது. என்னைக் கேட்டால் 0 போட்டுவிட்டுப் போங்கள். "கல்வி மட்டும் வரட்டும்" என்று விட்டு வைத்த ஒரு அண்ணனுக்கு, பிள்ளை பிளஸ் டூ எழுதிய வருடம் காலேஜ்காரர்கள் தூங்கவே விடவில்லை.

டிஎன்டி போட்டு ஒரு வருடம் ஆகிறது. இன்னும் வருகிறதே?

டிஎன்டி போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். வலை எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தாலும் சின்னக் குஞ்சு வெளியே போகத்தான் செய்யும். இதிலே ஓட்டை இரண்டு.

ஒன்று, பதிவே செய்யாமல் சாதாரண சிம் வாங்கி, பத்து இலக்க நம்பரிலிருந்து அழைக்கிறவர்கள். உங்கள் பெயர் டிஎன்டி பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதே இல்லை. அப்படி விளம்பரம் செய்வது விதிமீறல், ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தான் பிடிபடுவார்கள்.

இரண்டாவது, நீங்களே கொடுத்த சம்மதம். பைக் வாங்கும்போது, செயலி இறக்கும்போது, தவணைக்கு மிக்ஸி எடுக்கும்போது, கீழே எறும்பு போல் எழுதியிருக்கும் வரிக்குப் பக்கத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். "எங்கள் சலுகைகளைத் தெரிவிக்கச் சம்மதிக்கிறேன்" என்பது அதில் இருக்கும். அந்த நிறுவனத்துக்கு டிஎன்டி குறுக்கே நிற்காது. சம்மதத்தைத் திரும்பப் பெற்றால்தான் நிற்கும்.

புகார் எப்படிக் கொடுப்பது?

அழைப்பு வந்த 7 நாளுக்குள் கொடுங்கள். முன்பு 3 நாள்தான் இருந்தது, 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தி நீட்டியிருக்கிறார்கள். மூன்று விஷயம் தேவை: எந்த நம்பரிலிருந்து வந்தது, எந்தத் தேதி, என்ன விற்றார்கள். இதை ஒரு எஸ்எம்எஸ்ஸாக எழுதி 1909-க்கு அனுப்பலாம், அல்லது 1909-க்கே பேசிச் சொல்லலாம், டிராய் டிஎன்டி செயலியிலும் போடலாம். பதியாத ஆட்கள் மேல் புகார் கொடுக்க நீங்கள் டிஎன்டியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை.

ஒரு வார்த்தை பேசிவிட்டுத் துண்டியுங்கள், "எந்தக் கம்பெனி, என்ன விஷயம்?" என்று. அது தெரியாமல் புகார் வெறும் நம்பராகத்தான் நிற்கும். திட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். எதிர்முனையில் பேசுவது பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்பிள்ளை. நம் ஊர்ப் பிள்ளைகளே எத்தனை பேர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அந்த வேலையில் இருக்கிறார்கள்.

கொடுத்தால் மட்டும் என்ன நடந்துவிடப்போகிறது?

நியாயமான சந்தேகம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2018-ல் வந்த விதிகள் காகிதத்தில் நன்றாகவே இருந்தன, நமக்கு அழைப்பு குறையவில்லை. 2024 ஆகஸ்டில் டிராய் கொஞ்சம் இறுக்கியது. பதியாமல் விளம்பர அழைப்பு செய்கிறவர்களின் இணைப்புகளை எல்லாம் துண்டித்து, இரண்டு ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொல்லி சிம் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. 2025 திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது. முன்பு ஒரு நம்பர் மேல் 7 நாளில் 10 புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை தொடங்கும். இப்போது 10 நாளில் 5 புகார் போதும். பதியாத ஆளானால் 5 நாளில் கம்பெனி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

ஐந்து பேர் என்பது ஒரு தெருவில் முடிகிற கணக்கு. இவர்கள் வரிசையாகத்தான் அடிப்பார்கள், உங்களுக்கு வந்த அதே மனைக்காரன் பக்கத்து வீட்டுக்கும் அடித்திருப்பான். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படம் போடுகிற நேரத்தில் அந்த நம்பரைப் போட்டு, அழைப்பு வந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு புகார் அனுப்பினால் வேலை நடக்கும். அழைப்பு வராதவர்கள் சேர்ந்துகொள்ள வேண்டாம், அது பொய்ப் புகார்.

நம் நம்பர் இவர்களுக்கு எப்படித்தான் போகிறது?

பாதி நம் கையாலேயே போகிறது. என் கதையையே சொல்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் சாமான் வாங்கியபோது குலுக்கல் கூப்பன் கொடுத்தார்கள். முதல் பரிசு ஸ்கூட்டர். பெயர், ஊர், நம்பர், சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்டிருந்தது, வெட்கமில்லாமல் எழுதிப் பெட்டியில் போட்டேன். ஸ்கூட்டர் யாருக்கு விழுந்ததோ தெரியாது. அடுத்த மாதத்திலிருந்து எனக்கு மதுரைப் பக்கத்து மனைகள் விழ ஆரம்பித்தன. "சார், நீங்க கூப்பன்ல சொன்ன பட்ஜெட்டுக்கே பிளாட் இருக்கு" என்றே ஒருவர் ஆரம்பித்தார்.

மீதிப் பாதி எங்களைப் போன்ற கடைகள் வழியாகவும் போகலாம். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. முன்பெல்லாம் நீள நோட்டில் நம்பர் எழுதித்தான் ரீசார்ஜ் போடுவோம். நோட்டு மேசையில் திறந்தே கிடக்கும். ஒருநாள் டை கட்டிய ஒருவர் வந்து, டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, இந்த நோட்ட ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கவா? பக்கத்துக்கு இவ்வளவுன்னு தர்றேன்" என்றார். அதில் பாதி நம்பர் பெண்பிள்ளைகளுடையது. அன்றோடு நோட்டை எடுத்துவிட்டேன். இப்போது வாடிக்கையாளரே என் போனில் நம்பரைத் தட்டிவிடட்டும் என்று நீட்டிவிடுகிறேன். உங்கள் ஊர்க் கடையில் நோட்டு இருந்தால் தயங்காமல் கேளுங்கள், "அண்ணே, நானே தட்டுறேன்" என்று. கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் செயலிகள். டார்ச் லைட் செயலிக்கு உங்கள் போனில் இருக்கும் தொடர்புப் பட்டியல் எதற்கு? அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். அழைப்பவர் பெயர் காட்டும் செயலிகள் உதவத்தான் செய்கின்றன, ஆனால் அதைப் போடும்போதும் தொடர்புப் பட்டியலைக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். உங்கள் சம்மதத்தோடு போவது உங்கள் மாமியார் நம்பரும்தான்.

கடையில் பில் போட நம்பர் கட்டாயம் என்கிறார்களே?

கட்டாயம் இல்லை. பில்லுக்காக போன் நம்பரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் இல்லாம பில் போடுங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். பின்னால் வரிசை நீண்டால் தானாகப் போடுவார்கள்.

எனக்கு ராமேஸ்வரத்தில் ஆட்டோ. வண்டியின் பின்னால் நம்பர் எழுதாமல் பிழைப்பு நடக்காது. என்ன செய்வது?

ஆட்டோ, லாட்ஜ், கருவாட்டு வியாபாரம், படகுச் சவாரி எல்லாவற்றுக்கும் இதே நிலைமைதான். இரண்டு சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஊருக்கு, ஒன்று வீட்டுக்கு. வண்டியில், போர்டில், யாத்திரை வருகிறவர்களிடம் கொடுப்பது ஊர் நம்பர். வங்கி, ஆதார், ரேஷன், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் வீட்டு நம்பர். வீட்டு நம்பரை எந்தக் கூப்பனிலும் எழுதக்கூடாது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர் சிம்மை மட்டும் போன் செட்டிங்கில் அணைத்துவிடலாம்.

இரண்டாவது சிம்முக்கு மாதம் காசு ஆகும். பிழைப்பு நடத்துகிற நம்பரென்றால் அந்தக் காசு தகும், சும்மா வீட்டில் இருக்கிறவர்களுக்கு வேண்டாம்.

+94, +971 என்று வருகிறதே, அதுவும் விளம்பரமா?

+94 இலங்கை. +971 அமீரகம், +966 சவுதி, +974 கத்தார், +65 சிங்கப்பூர், +60 மலேசியா. உங்கள் வீட்டு ஆள் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த முன்னெண்ணை அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள், அதில் வந்தால் எடுங்கள். சம்பந்தமே இல்லாத நாட்டிலிருந்து ஒரே ஒரு ரிங் அடித்து நின்றுவிட்டால் திருப்பிக் கூப்பிடாதீர்கள். திருப்பிக் கூப்பிட வைத்து உங்கள் பேலன்ஸைக் கரைப்பதற்குத்தான் அந்த மிஸ்டு கால்.

தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்து வரவேற்புச் செய்தி காட்டுவதுண்டு. அது மோசடி இல்லை, தூரம் அவ்வளவுதான். ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதை டிஎன்டி நிறுத்துமா?

நிறுத்தாது. வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதிக்குள் போய், அழைப்புகளில், தெரியாத நம்பரிலிருந்து வருவதை ஒலிக்காமல் செய்யும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். "துபாயிலிருந்து மகன் கூப்பிட்டால்?" என்று உடனே கேட்பீர்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் வேலை செய்வதில்லை, அதனால்தான் உங்கள் மகன் போட்டிம் செயலியில் வருகிறான். அவனுக்கு இதனால் நஷ்டமில்லை.

கடன் வாங்கியவர் வேறு ஒருவர். வசூல்காரர்கள் என்னை விடாமல் கூப்பிடுகிறார்கள்.

இது விளம்பரம் இல்லை, 1909 இதற்கு உதவாது. ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. குழுக்கடன் போன்ற நுண்கடன் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். கடன் வாங்கியவரின் உறவினரையோ நண்பரையோ தொந்தரவு செய்யவும் கூடாது. அழைப்பைப் பதிவுசெய்து, முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் கொடுக்கலாம், வங்கிக்கும் பெரும்பாலான நிதி நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். மிரட்டினால் காவல் நிலையம்தான்.

"டிராயிலிருந்து பேசுகிறோம், 2 மணி நேரத்தில் உங்கள் நம்பர் கட்டாகிவிடும், 9-ஐ அழுத்துங்கள்" என்றார்களே?

டிராய் யாருக்கும் அப்படிப் போன் செய்வதில்லை. வையுங்கள். இதன் தம்பிதான் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிற இன்னொரு அழைப்பு: "மீனவர் நிவாரணப் பணம் ஏறணும், ஓடிபி சொல்லுங்க." படகு கரையில் நிற்கிறது, கையில் காசு இல்லை என்று தெரிந்துதான் அடிக்கிறார்கள். நிவாரணம் வரவில்லை என்றால் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

எங்கே சொல்வது என்பதில் எல்லோருக்கும் குழப்பம். விளம்பரம் என்றால் 1909. மோசடி முயற்சி, ஆனால் பணம் போகவில்லை என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இருக்கும் சக்ஷு பகுதி. பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது. அழுது முடித்துவிட்டு மறுநாள் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கலாமா?

அதே சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரையும் ஓடிபியையும் போட்டால் உங்கள் பெயரில் இருக்கும் இணைப்புகள் எல்லாம் வரும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம். உங்களுடையது அல்லாத நம்பரை அங்கேயே 'என்னுடையது இல்லை' என்று குறிக்கலாம். திருவிழாக் கூட்டத்தில் குடை போட்டு சிம் விற்கிறவரிடம் "ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க" என்று கேட்டு இரண்டு தடவை விரல் வைத்தவர்கள் கட்டாயம் பாருங்கள்.

பேசாமல் நம்பரையே மாற்றிவிட்டால்?

அதை மட்டும் செய்யாதீர்கள். வங்கி, ஆதார், ரேஷன், கேஸ் என்று ஒவ்வொன்றாக மாற்ற அலைந்து, ஒன்றை மறந்துபோவீர்கள். நீங்கள் விட்ட நம்பர் 90 நாள் கழிந்ததும் வேறு யாருக்காவது போகலாம். மறந்துபோன அந்தக் கணக்கின் ஓடிபி அவருக்குப் போகும்.

புது நம்பர் என்று உங்களுக்கு வருவதும் யாரோ விட்டதாக இருக்கலாம். தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன் லோன் அழைப்பு தாங்காமல் போன வருடம் புது சிம் வாங்கினான். கடை வாசலிலேயே போட்டு ஆன் செய்தான். சிக்னல் வந்தது, முதல் அழைப்பும் வந்தது. எடுத்தான், முகம் மாறியது. "அண்ணே, மூணு மாசமா பைக் டியூ கட்டலையாம்" என்றான். அவனிடம் இருப்பது சைக்கிள்.